ஒருபக்கத் தாள்கள்

எபனேசர்விளைக் கோயிலின் மேற்கு வாசற்சுவரில் ஒரு பளிங்குக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. சுற்றியுள்ள ஆறு ஊர்ச் சபைகள் சேர்ந்த இந்தச் சேகரத்தில் ஆதி முதல் ஊழியம் செய்த முப்பத்துநான்கு குருமாரின் பெயர்கள், வந்த ஆண்டும் போன ஆண்டுமாக, அதில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. அவர்களோடு சாமான் லாரியில் வந்து இறங்கி, அவர்களைத் தேடி வந்தவர் போனவருக்கெல்லாம் தேநீர் போட்டு, ஞாயிறு பள்ளி நடத்தி, பிரசவ வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் முதல் ஆளாகப் போய் நின்று, மாற்றல் வந்ததும் அதே மாதிரி ஒரு லாரியில் ஏறிப்போன பெண்களின் பெயர் ஒன்றுகூட அந்தக் கல்லில் இல்லை. இடம் போதாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது; கல்லின் அடிப்பக்கத்தில் இரண்டு சாண் வெற்றிடம் வழவழவென்று கிடக்கிறது. அது இனி வரப்போகிற ஆண்களுக்காக ஒதுக்கியது. இருபத்தொன்பதாவது பெயர் அருள்திரு ஆல்பிரட் ஜெயசிங்குடையது. இந்தக் கதை அவர் மனைவி பெனினாவைப் பற்றியது. ஊருக்கு அவர் ஐயர், அவள் ஐயரம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு, டிசம்பர் மாதம் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி முதல் நாலரை மணி வரை அவள் கைகள் கிறிஸ்துமஸ் மரத்துக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தன. அவள் மனம் செய்துகொண்டிருந்தது வேறு.

குருமனையின் முன்னறையில், மண் நிரப்பிய பெயின்ட் டின்னில், ஆள் உயரத்துக்கு ஒரு சவுக்குக் கிளை நின்றது. மறுநாள் மாலை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மர விழா; பெயர் கூப்பிடக் கூப்பிடப் பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிப் போவார்கள்; அதற்குள் இந்த மொட்டைக் கிளை மரமாகிவிட வேண்டும். தரையில் பாய் விரித்து, பெனினாவும் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் தங்கபுஷ்பமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பசைக் கிண்ணம், ஜிகினாத் தூள் கொட்டிய தாம்பாளம், பஞ்சு, சிவப்பு கம்பளி நூல், ஐஸ் குச்சிகள், சாக்லெட் சுற்றி வந்த பளபளத் தாள், தங்கச் சாயம் பூசிக் காயவைத்த சவுக்குக் காய்கள். கிளையைப் பார்க்கும்போதெல்லாம் பெனினாவுக்கு ஒரு சின்ன எரிச்சல் வரும். ஊசி ஊசியாய்த் தொங்குவதை எல்லாரும் சவுக்கின் இலை என்கிறார்கள். அது இலையே அல்ல, தண்டு. இலை, தண்டின் ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாகச் செதில்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு நெருங்கப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். வேலையை எல்லாம் தண்டு செய்கிறது, பேரை இலை வாங்கிக்கொள்கிறது என்று ஒருகாலத்தில் ஆய்வுக்கூடத்தில் மாணவிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தாவரவியலில் முதுகலை, அதற்குமேல் எம்.ஃபில்., இரண்டு வருடம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் விளக்குநர் வேலை. அப்புறம் ஐயருக்கு இரண்டாவது மாற்றல் வந்தது. பதினைந்து வருடமாகிறது. இந்தச் சங்கதியைப் போன வருடம் இதே பாயில் உட்கார்ந்து தங்கபுஷ்பத்திடம் சொன்னபோது, அவள் ஒரு கணுவைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "எதுவா இருந்தா என்ன ஐயரம்மா, எரிச்சா நல்லா எரியும்" என்றாள். அதுவும் உண்மைதான்.

"நீங்க செய்யுத மாதிரி வராது பாத்துக்கிடுங்க," என்று இன்றைக்கும் தங்கபுஷ்பம் ஆரம்பித்திருந்தாள். "மேலூர்ச் சேகரத்துல எல்லாம் கடையில வாங்கித் தொங்கவிட்டிருக்காவ. பிளாஸ்டிக்கு. ஒரு காத்துக்கு நிக்கல. நம்ம ஐயரம்மா கையில ஒரு ராசி இருக்கு." கைராசி. ஏழு சேகரங்களில் ஏழு வாய்கள் இதைச் சொல்லிவிட்டன. பாராட்டு என்று இதற்குப் பெயர். ஒரு பெண்ணிடம் இலவசமாக வேலை வாங்க வேண்டுமானால் அவள் கையைப் புகழ வேண்டும், தலையைப் புகழ்ந்துவிடக் கூடாது; தலையைப் புகழ்ந்தால் அவள் யோசிக்கத் தொடங்கிவிடுவாள். சேகரக் கமிட்டிக்காரர்கள் சீரியல் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் வகை செய்துவிட்டு, அலங்காரம் என்று வந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்: ஐயரம்மா இருக்காவல்லா. ஐயரம்மா இருக்கிறாள். குருமனையில் கட்டில் இருப்பதுபோல, பெஞ்சு இருப்பதுபோல. சரி, இருக்கட்டும், பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள், அது பொய்யில்லை. போன வருடம் ஒரு சிறுமி தன் பொட்டலத்தைக்கூட வாங்காமல் மரத்தடியிலேயே நின்று, தாளில் இப்படி நட்சத்திரம் வருமா என்று கேட்டாள். வரும். நீளவாக்கில் விரற்கடை அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு கீற்று. நான்கையும் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து இறுக்கினால் நடுவில் ஒரு சதுரம்; பிறகு மூலை மூலையாக மடித்துச் செருகிக்கொண்டே போனால் முனைகள் எழும்பும். எண்ணிப் பார்த்தால் பதினாறு முனை. மிச்சம் நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிடலாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் செய்வாள். அதனால்தான் கண் வேறு எங்கோ இருந்தது.

தாள் கோயில் அலுவலறையிலிருந்து வந்தது. ஐயர் தாளை வீணாக்க மாட்டார். பழைய பாட்டுத்தாள், அறிவிப்பு, சுற்றறிக்கை எதுவாயினும் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அதை ஒரு கட்டாகச் சேர்த்து வைத்து, அந்த வெறும் பக்கத்தில் பிரசங்கக் குறிப்பு எழுதுவார். பிரசங்கம் முடிந்ததும் அது குருமனைக்கு வரும், அடுப்புப் பற்றவைக்கவோ அலங்காரம் வெட்டவோ. சிக்கனமான மனிதர் என்று சபை மெச்சுகிறது. இன்று மதியம் கோயில் ஊழியரான கோயில்குட்டியார் கொண்டுவந்து போட்ட கட்டிலிருந்து பெனினா நான்கு நான்கு தாளாக அடுக்கி, மடித்த குறிக்குக் கத்தரி போட்டு, கீற்றுகளை முறத்தில் குவித்திருந்தாள். ஒரு தாள் மட்டும் தடிப்பாக, லேசான பாலேட்டு நிறத்தில், நகத்தால் சுண்டினால் சத்தம் வருகிற மாதிரி இருந்தது. நல்ல கைக்காரி நல்ல சரக்கை முதலில் எடுப்பாள். அந்தத் தடித்த கீற்றுகளையே தேடித் தேடி எடுத்து இரண்டு நட்சத்திரம் முடித்து, ஜிகினாவில் புரட்டி, கிளையின் நெற்றியில் தொங்கவும் விட்டாயிற்று. மூன்றாவதற்குக் கீற்றை மடிக்கும்போது ஐயரின் எழுத்து தெரிந்தது. 'அர்ப்ப' என்று பாதியில் நின்றது. போன ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். மரியாளின் சம்மதம் என்பது பொருள்; அழைப்பு, அச்சம், அர்ப்பணிப்பு என்று மூன்று குறிப்பு; மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நன்றாகத்தான் பேசினார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அவளே தலையாட்டிக் கேட்டாள். கீற்றைத் திருப்பினாள். மறுபக்கம் ஆங்கிலத்தில் தட்டச்சு. ஒரு வரிக்கு மூன்று நான்கு எழுத்து, மேலிருந்து கீழ்வரை, வெட்டுப்பட்ட சொற்களின் ஏணி. அதன் உச்சியில், வலது மூலையில், சிவப்பு மையில், அவர் கையால்: டிச. 26.

அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும். வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படித்ததும், அதை எந்தத் தேதியில் கையிலெடுக்க வேண்டும் என்று வலது மூலையில் சிவப்பு மையில் குறித்து வைப்பது அவர் வழக்கம். ஒழுங்கு. அடுத்த கீற்றை எடுத்தாள். அதன் நடுவே அவள் பெயரின் கடைசி மூன்று எழுத்து இருந்தது. ஒருவர் தம் பெயரைத் துண்டாகப் பார்த்தால் அடையாளம் தெரிய எவ்வளவு நேரமாகும்? நேரமே ஆகவில்லை. அதுதான் விந்தை. முறத்திலிருந்து தடித்த கீற்றுகளை மட்டும் பொறுக்கிப் பாயில் பக்கம் பக்கமாக அடுக்கினாள். எட்டு கிடைத்தது. எட்டும் சேர்ந்து பாதிக் கடிதம். மதுரைக்கு அப்பால் இருக்கிற அந்தப் பெண்கள் கல்லூரியின் முத்திரையில் பாதி. தாவரவியல் துறை. விரிவுரையாளர். நவம்பர் இருபத்தெட்டு. இக்கடிதத் தேதியிலிருந்து பதினைந்து நாளைக்குள் பணியில் சேராவிட்டால் நியமனம் தானாக ரத்தாகும். இருபத்தெட்டோடு பதினைந்து. விரல் விட்டு எண்ணத் தேவையில்லை, ஆனாலும் எண்ணினாள். நாளை. டிசம்பர் இருபத்தாறுக்கு அல்ல, நாளைக்கு. இருபத்தாறு என்று குறித்தவருக்குக் கணக்குத் தெரியாதா? கணக்குத் தெரிந்ததால்தான் இருபத்தாறு.

அக்டோபரில் அந்தக் கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது பேருந்து நிலையம்வரை அவரே வந்து, சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, தலையில் கைவைத்து ஜெபித்தார். உமது சித்தப்படி என்றார். ஆம், சித்தப்படி. யார் சித்தப்படி என்று அப்போது கேட்கவில்லை. வேர்முடிச்சுகளைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னாள். பதினைந்து வருடம் கழித்து வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்தபோது, பரணில் போட்டிருந்த பாத்திரத்தை எடுத்துத் துடைத்தால் உள்ளே பளபளவென்று இருக்குமே, அப்படி இருந்தது. நவம்பர் முழுக்கத் தபால்காரர் மணிச்சத்தம் கேட்டால் ஈரக்கையோடு வாசலுக்குப் போனாள். கோயில் முகவரிக்கு வருகிற தபால் நேராக அலுவலறைக்குப் போகிறது, குருமனைக்கு வருவதில்லை. அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்: வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயது கிழவியை யார் எடுப்பார்கள். அன்றிரவு சாப்பாட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பார்த்தார். தன் தட்டிலிருந்த பொரித்த மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்து, "ஆண்டவர் வேற வாசல் திறப்பார், பெனினா" என்றார். கடிதம் அப்போது அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் வாசலைப் பூட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, வேறு வாசல். அந்த மீனை அவள் தின்றாள். அதை நினைத்தபோதுதான் கோபம் கிளம்பியது. அதுவரை வந்தது திகைப்பு. இத்தனை நாள் அவள் துக்கப்பட்டதை அவர் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஆறுதல் சொல்லிப் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று, சம்மதத்தைப் பற்றி மூன்று குறிப்பு எழுதியிருக்கிறார்.

எழுந்து கிளையிடம் போய் இரண்டு நட்சத்திரங்களையும் அவிழ்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவள் கட்டிய நட்சத்திரம் லேசில் பிரியாது.

"என்ன செய்யுதிய ஐயரம்மா? நல்லாத்தான இருந்துச்சு."

"பிரிக்கிறேன்."

"எதுக்கு?"

"உள்ளே என் பேர் இருக்கிறது."

தங்கபுஷ்பம் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு பாயில் கிடந்த கீற்றுகளைக் குனிந்து பார்த்தாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்பு மையைப் படிக்க அவளுக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை. சங்கத்து மனுக்களில் எத்தனையோ தடவை அந்தச் சிவப்பைப் பார்த்தவள். "வேலைக்கு எடுத்திருக்காவளா?" என்று கேட்டாள். எடுத்திருக்கிறார்கள் என்று பெனினா சொன்னாள். "என்னைக்குள்ள போணும்?" நாளைக்குள். தங்கபுஷ்பம் கண்ணாடியை மறுபடி மூக்கில் இறக்கிக்கொண்டாள். பிறகு, "ஐயருக்குத் தெரியுமோ என்னமோ. அவிய பாவம், நூறு சோலிக்கு நடுவுல..." என்றவள், தான் சொல்வது தனக்கே பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

தெரியாமல் இருந்திருக்கலாம். பெனினாவும் அந்த வழியில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தாள். கமிட்டிச் செயலர் உறையைப் பிரித்திருக்கலாம்; ஐயர் படிக்காமலே தேதி போட்டிருக்கலாம்; கையில் கிடைத்த தாளில் எழுதியிருக்கலாம். எவ்வளவு ஆசையாக இருக்கிறது அப்படி நம்ப. பதினெட்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்த ஆளை விட, யாரோ ஒரு செயலரைக் குற்றவாளியாக்குவது எவ்வளவு வசதி. ஆனால் அவர் படிக்காமல் தேதி போடுகிறவரா? போடமாட்டார். எந்தக் கோணத்தில் திருப்பினாலும் நினைப்பு அதே ஆணியில் மாட்டிக் கிழிந்தது. நல்ல மனிதர். அதுதான் பிடிபடாத இடம். குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்கத் தெரியும். கெட்டவனாக இருந்தால் எல்லாப் பெண்களுக்கும் புரியும்படி ஒரு வாக்கியத்தில் சொல்லி அழுதுவிடலாம். இந்த மனிதரைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்ல? என்னை அடிக்கவில்லை, என் கடிதத்தில் பிரசங்கம் எழுதினார் என்றா? சிரிப்பார்கள். காகிதம் மிச்சம் பிடித்தார் என்பார்கள். நகக்கண்ணில் ஜிகினா குத்தியது. ஒரு முனை விடுபட்டு, ஒரு கீற்று நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. அதோடு சேர்ந்து அவள் வெளியே எடுக்க விரும்பாத ஒன்றும் வந்தது. கடிதம் வராது என்று முடிவு கட்டிய அந்த இரவில், துக்கத்துக்கு அடியில், மெல்லிசாக ஒரு நிம்மதி இருந்தது. இல்லையென்று யாரிடமும் சத்தியம் செய்யலாம், தன்னிடம் செய்ய முடியாது. இனி நாற்பது பெண்களின் முன்னால் நின்று பதினைந்து வருடப் பாடத்தை மறந்தவளாக விழிக்க வேண்டாம். விடுதி அறையில் தனியாகப் படுக்க வேண்டாம். ஐயரம்மாவாகவே இருந்து முடித்துவிடலாம். அந்த நிம்மதியை அவர் கண்டுபிடித்திருப்பாரோ? அதைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாரோ? ஒரு கணம் கை நின்றது. பிறகு அவளுக்கு முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பயம் அவளுடையது. அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதும் அவளுடையது. அவளுடைய பயத்தை அவளுக்குப் பதிலாக ஒருவர் எடுத்து, இருபத்தாறாம் தேதி என்று குறித்து, இழுப்பறையில் வைக்க எந்த ஏற்பாட்டில் இடமிருக்கிறது? முகூர்த்த நாளில்கூட அவள் சம்மதமா என்று கேட்டுத்தானே மோதிரம் போட்டார்கள். சத்தமாகத்தானே சொன்னாள், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி.

நட்சத்திரங்களிலிருந்த மற்ற எட்டும் வந்தாயிற்று. அறையில் சவுக்கு வாடை. வெளியே யாரோ ஒலிபெருக்கி சோதித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு குரல் எண்ணி, அதற்குமேல் எண் தெரியாததுபோல மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. நறுக்கிப் போட்ட முனைகளில்தான் கல்லூரி முதல்வரின் கையெழுத்து இருந்தது. பெனினா முழந்தாளிட்டுப் பாயின் ஓரமெல்லாம் தடவித் தேடினாள். தங்கபுஷ்பம் தன் மடியிலிருந்து இரண்டு துணுக்கைப் பொறுக்கிக் கொடுத்தாள். தன் குதிகாலில் ஒட்டியிருந்த மூன்றாவதை அவளே உரித்தெடுத்து, ஊதி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது வால் மாதிரி இருக்கு. கையெழுத்துக்கு வால் உண்டாக்கும்?"

"உண்டு."

"அப்பம் இதுதான்."

நான்கு மணி சுமாருக்கு ஐயர் சபையாரின் வீடுகளைச் சந்தித்துவிட்டு வந்தார். செருப்பை வாசலில் நேராக்கிவிட்டு, குடையை மாட்டிவிட்டு, "மரம் ரெடியா?" என்று கேட்டபடி உள்ளே வந்தவர் பாயைப் பார்த்தார். சிவப்பு அட்டை ஒன்றின் மேல் கீற்றுகளைப் பக்கம் பக்கமாகப் பொருத்திப் பசை தடவிக்கொண்டிருந்தாள் பெனினா. நிமிரவில்லை. தங்கபுஷ்பம் எழுந்து, "நான் தேயிலைக்குத் தண்ணி வைக்கேன்" என்று உள்ளே போனாள். ஆனால் அடுப்படியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை.

"பெனினா," என்றார்.

"எத்தனாம் தேதி வந்தது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பொய் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். "முப்பது. சனிக்கிழமை."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"நாளைக்குக் கடைசி நாள். அதையும் படிச்சீங்க."

"பண்டிகை முடியட்டும்னு நினைச்சேன்ம்மா. ஆறு சபை. மர விழா, அசன விருந்து, இருபத்தஞ்சாம் தேதி ஆராதனை. நீ இல்லாம இந்த வீட்டுல என்ன நடக்கும்? கமிட்டியில என்ன கேப்பாங்க? முடிஞ்சப்புறம் நானே ஒன்னைக் கூட்டிட்டுப் போய் அவங்ககிட்டப் பேசலாம்னு..."

"ரத்தாகிப்போன வேலையைப் பத்தி என்ன பேசுவீங்க?"

"கருணை காட்டுவாங்க."

"உங்களுக்கு அடுத்தவங்க கருணைமேல ரொம்ப நம்பிக்கை." ஒரு கீற்றைத் தூக்கி, சற்று இடப்பக்கம் நகர்த்தி, விரலால் அழுத்தினாள். ஒரு சொல் முழுமையானது. "நான் சாப்பிடாம இருந்தப்ப மீன் வச்சீங்களே. அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

"சொல்ல வந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். சொல்ல முடியலை."

"என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கணும்."

அவர் தரையைப் பார்த்தார். ஜிகினா அவர் வெள்ளை அங்கியின் விளிம்பில் ஒட்டியிருந்தது. "நான் அதைக் கிழிச்சுப் போட்டிருக்கலாம்," என்றார் மெதுவாக. "போடலையே."

"கிழிச்சிருந்தா நீங்க பண்ணது இன்னதுன்னு உங்களுக்காவது தெரிஞ்சிருக்கும். நீங்க அதுல பிரசங்கம் எழுதினீங்க."

"அந்த நேரத்துல கையில கிடைச்ச தாள்..."

"முன்பக்கம் இருக்கிறது தெரிஞ்சுதான் பின்பக்கம் எழுதினீங்க. நான் ரெண்டாவது வரிசையில உக்காந்து தலையாட்டினேன். அதை மட்டும் என்னால உங்களுக்கு மன்னிக்க முடியும்னு தோணலை. இப்பவே சொல்லிடுறேன், பின்னால ஏமாந்துபோகாதீங்க."

அவர் அங்கியில் ஒட்டிய ஜிகினாவைத் தட்டிவிட்டார். பிறகு, பதினெட்டு வருடமாக எல்லாச் சிக்கலுக்கும் செய்து பழகியதையே செய்தார். நாற்காலியை விட்டு இறங்கிப் பாயின் ஓரத்தில் முழந்தாளிட்டு, "ஒரு நிமிஷம் ஜெபிப்போம், பெனினா" என்று கண்ணை மூடினார்.

"நீங்க ஜெபிங்க. என்னால கண்ணை மூட முடியாது. பசை காஞ்சிடும்."

உள்ளே இப்போதுதான் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் உதடு அசையாமல் கண்ணை மூடியே இருந்தார். அவள் வேலை செய்தாள். கோபம் குறைந்துவிடவில்லை, ஆனால் அதற்கு இப்போது ஒரு வேலை இருந்தது. கீற்றைக் கோணாமல் பிடித்துக்கொள்ள உதவியது. பதினாறு கீற்றும் அட்டையில் ஏறின. மடிப்புத் தழும்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. ஜிகினாவைத் துணியால் துடைக்கத் துடைக்க அது எழுத்துகளுக்குள் இன்னும் நன்றாக இறங்கியது. கையெழுத்துக்கு வால் சேர்ந்துவிட்டது. பின்பக்கத்து மூன்று குறிப்பும் பசையோடு அட்டையில் ஒட்டிப்போயின. அவற்றை இனி யாராலும் படிக்க முடியாது. தங்கபுஷ்பம் மூன்று டம்ளரோடு வந்தாள். ஐயருக்கு முதலில் நீட்டவில்லை. குருமனையில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. பெனினாவின் பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு அட்டையைப் பார்த்தாள்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டுனா ஏத்துக்கிடுவாவளா?"

"தெரியாது."

"என்ன கேட்டாலும் கிறிஸ்மஸ் நேரம்னு சொல்லுங்க. அவியளும் வேதக்காரங்கதான." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "மரத்தை நாங்க பாத்துக்கிடுதோம். கொஞ்சம் கோணையாத்தான் இருக்கும். நான் யாருட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன், ஐயரம்மா."

"சொல்லுங்க," என்றாள் பெனினா. "எல்லாரிடமும் சொல்லுங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க."

அவள் மறுநாள் முதல் பேருந்தில் போனாள். பேருந்து நிலையத்துக்கு ஐயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை, தலையில் கைவைக்க மட்டும் விடவில்லை. கல்லூரி எழுத்தர் சிவப்பு அட்டையைப் பார்த்துவிட்டு மேலே கீழே திருப்பினார், விரலில் ஒட்டிய ஜிகினாவைச் சட்டையில் துடைத்தார், கடிதத்தின் நகல் அலுவலகக் கோப்பில் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கல்லூரியில் பெனினா பதினாறு ஆண்டு தாவரவியல் கற்பித்தாள். முதல் பருவத்தில் இரண்டு முறை வகுப்பின் நடுவே சொல் வராமல் நின்றாள், மாணவிகள் காத்திருந்தார்கள், சொல் வந்தது. ஜெயசிங் ஐயர் அடுத்தடுத்து நான்கு சேகரங்களில் தனியாகக் குருமனை நடத்தினார். விடுமுறைகளில் அவள் போனாள், சில விடுமுறைகளில் போகவில்லை. அவர் பலமுறை மன்னிப்புக் கேட்டார். அவர் கடைசி நோயில் ஆறு மாதம் விடுப்பெடுத்து அவளே பார்த்துக்கொண்டாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை, சொல்லச் சொல்லி அவரும் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் துறைத்தலைவராக ஓய்வு பெற்றாள். பணிப்பதிவேட்டில் அவள் சேர்ந்த நாள் 13-12-1996, முற்பகல் என்று இருக்கிறது.